மைனஸ் 48 கெஜம்: ஒரு முன்வரிசை எப்படி உடைகிறது

2013 நவம்பர் 2 அன்று அமெரிக்காவின் ஈஸ்ட் லான்சிங் என்ற ஊரில் மிச்சிகன் பல்கலைக்கழக அணி அறுபது நிமிடம் ஆடி முடித்தது. பந்தைக் கையில் பிடித்தபடி ஓடி அவர்கள் எவ்வளவு தூரம் முன்னேறினார்கள் என்று கணக்குப் பார்த்தால், மைனஸ் 48 கெஜம். அச்சுப்பிழை அல்ல. மாலை முழுக்க ஓடியும், புறப்பட்ட இடத்துக்கு 48 கெஜம் பின்னால் போய் நின்றிருந்தார்கள். 1879 முதல் அமெரிக்கக் கால்பந்து ஆடிவரும் பல்கலைக்கழகம் அது. அதற்கு முன் எந்த ஆட்டத்திலும் அவர்களுடைய ஓட்டக் கணக்கு அவ்வளவு கீழே போனதில்லை. எதிரணியான மிச்சிகன் ஸ்டேட் 29–6 என்று வென்றது. அடுத்த வாரம் சொந்த மைதானத்தில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரும் அரங்கில், நெப்ராஸ்காவுக்கு எதிராக மைனஸ் 21.

இப்படி ஒன்று நடந்தால் தொலைக்காட்சிக் கேமரா பந்தை வீசுபவரின் முகத்தைக் காட்டும், பிறகு தலைமைப் பயிற்சியாளரின் முகத்தைக் காட்டும். காட்ட வேண்டிய ஐந்து பேர் வேறு. ஒவ்வொருவரும் ஏறக்குறைய 130 கிலோவோ அதற்கு மேலோ எடையுள்ளவர்கள், ஆனாலும் யார் கண்ணிலும் படாதவர்கள். அமெரிக்கக் கால்பந்தில் அந்த ஐவரைத்தான் அஃபென்சிவ் லைன் என்கிறார்கள். இங்கே முன்வரிசை என்று சொல்லிக்கொள்வோம்.

ஆட்டமே புதிது என்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் கால்பந்து என்று சொல்வது இதுவல்ல. இதில் பந்து முட்டை வடிவில் இருக்கும், பெரும்பாலும் கையில்தான் இருக்கும். ஒரு பக்கம் பதினோரு பேர், எதிரில் பதினோரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் புதிதாக நான்கு வாய்ப்புகள் கிடைக்கும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். ஒவ்வொரு வாய்ப்பிலும் இரண்டு வழிகள் உண்டு: ஒருவர் பந்தை அணைத்துக்கொண்டு ஓடலாம், அல்லது குவார்ட்டர்பேக் எனப்படுபவர் முன்னால் ஓடும் சக ஆட்டக்காரருக்குப் பந்தை வீசலாம். கெஜத்துக்கு மூன்றடி. மைதானத்தின் மொத்த நீளமே நூறு கெஜம்தான் என்பதால் மைனஸ் 48 என்பது கிட்டத்தட்ட அரை மைதானம்.

முன்வரிசையின் நடுவில் நிற்பவர் சென்டர். தரையில் இருக்கும் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குபவர் அவர். அந்தச் செயலுக்கு ஸ்னாப் என்று பெயர். அவருக்கு இருபுறமும் பக்கத்துக்கு ஒரு கார்டு, அவர்களுக்கு வெளியே பக்கத்துக்கு ஒரு டேக்கிள். முதுகில் 50 முதல் 79 வரையிலான எண்கள்தான் இருக்கும். அந்த எண்ணை அணிந்தவர் முன்னோக்கி வீசப்பட்ட பந்தைப் பிடிக்கக் கூடாது என்பது விதி. ஆக, பந்தைத் தொடும் உரிமை ஐவரில் சென்டருக்கு மட்டுமே, அதுவும் அரை நொடி. புள்ளிவிவரப் பட்டியலில் இவர்களுக்கென்று பெரிதாக எதுவும் இருக்காது. எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தால் 10 கெஜம் தண்டம், ஸ்னாப்புக்கு முன் அசைந்துவிட்டால் 5 கெஜம். நடுவர் ஒலிபெருக்கியில் அப்போதுதான் இவர்கள் எண்ணைச் சொல்வார். எண் ஒலித்தால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பொருள்.

இவர்களுக்கு வேலை இரண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறான குணத்தைக் கேட்பவை. அணி ஓடப்போகிறது என்றால் எதிரே நிற்பவரை மோதித் தள்ளி வழி உண்டாக்க வேண்டும். அங்கே ஆவேசம் வேண்டும். அணி வீசப்போகிறது என்றால் பின்னோக்கி நகர்ந்தபடி, முட்டியை மடக்கி, கையை நீட்டி, பாய்ந்து வருபவரைக் குவார்ட்டர்பேக்கிடம் விடாமல் மறிக்க வேண்டும். இங்கே பொறுமை வேண்டும், முந்திக்கொண்டு பாய்ந்தால் தொலைந்தது. குவார்ட்டர்பேக்குக்கு இரண்டரை, மூன்று நொடி அவகாசம் கிடைத்தால் போதும். அது கிடைக்காமல் அவர் பந்தோடு பிடிபட்டு விழுந்தால் அதற்குச் சாக் என்று பெயர்.

அந்த மைனஸ் கணக்கின் சூட்சுமத்தில் கொஞ்சம் இங்கேதான் இருக்கிறது. தொழில்முறை லீக்கில் சாக் ஆகும்போது இழக்கும் தூரத்தை பந்தை வீசி முன்னேறிய பாஸ் கணக்கிலிருந்து கழிப்பார்கள். கல்லூரி ஆட்டத்தில் அதை ஓட்டக் கணக்கில் கழிக்கிறார்கள். ஈஸ்ட் லான்சிங்கில் மிச்சிகனின் குவார்ட்டர்பேக் டெவின் கார்ட்னர் ஏழு முறை சாக் ஆனார். அடுத்த வாரம் நெப்ராஸ்காவிடமும் ஏழு முறை. ஆகவே மைனஸ் 48 என்பது ஓடுபவர்களின் தோல்வி மட்டுமல்ல. வழி உண்டாக்கும் வேலையும் மறிக்கும் வேலையும் ஒரே நாளில் கைவிட்டுப் போனதன் கூட்டுத்தொகை.

இனி ஒரே ஒரு ஆட்டத்துண்டைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். மிச்சிகன் ஸ்டேட் அணியின் தடுப்பாட்டம் அந்த ஆண்டு நாட்டின் தலைசிறந்த தடுப்பாட்டங்களில் ஒன்று. அதை வடிவமைத்தவர் பேட் நார்டூசி என்ற பயிற்சியாளர். அவருக்குப் பிடித்த உத்தி ஒன்று உண்டு. தடுப்பாட்டத்தின் இரண்டாம் வரிசையில், வழக்கமாக நான்கைந்து கெஜம் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள் இருவரைச் சென்டரின் இடது தோளுக்கும் வலது தோளுக்கும் எதிரே கொண்டுவந்து நிறுத்துவார். சென்டருக்கும் இரு கார்டுகளுக்கும் இடையில் உள்ள இரண்டு சந்துகளிலும் சந்துக்கு ஒருவர். ஸ்னாப் ஆனதும் இருவரும் பாயலாம், ஒருவர் மட்டும் பாயலாம், இருவரும் பின்வாங்கி வேறு யாரோ வெளியிலிருந்து வரலாம். பாயும் வரை யாருக்கும் தெரியாது.

இப்போது சென்டரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். தலை குனிந்திருக்கிறது, ஒரு கையில் பந்து. எழுபத்தைந்தாயிரம் பேர் கத்துகிறார்கள், பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கின் குரல் கேட்கவில்லை. வெளியூர் மைதானங்களில் இதற்காகவே சைகை வைத்திருப்பார்கள். குவார்ட்டர்பேக் தயாராகிவிட்டாரா என்று கார்டு திரும்பிப் பார்த்துச் சென்டரைத் தட்டுவார். அந்தச் சில நொடிகளுக்குள் சென்டர் நான்கு பேருக்கும் செய்தி சொல்லியாக வேண்டும்: இவர் உன்னுடையவர், அவர் என்னுடையவர், இருவரும் வந்தால் எல்லோரும் உள்நோக்கி இறுக வேண்டும், வெளியிலிருந்து வருபவரை, பந்தோடு ஓடும் ஆளான ரன்னிங் பேக் பார்த்துக்கொள்வார். ஐவரில் நால்வர் சரியாகப் புரிந்துகொண்டு ஒருவர் மட்டும் தன் எதிரே நிற்பவரையே பிடித்துக்கொண்டு நின்றால், நடுவில் ஒரு லைன்பேக்கர் யார் கையும் படாமல் உள்ளே வந்துவிடுவார். சென்டரிலிருந்து குவார்ட்டர்பேக் நிற்கும் தூரம் ஐந்து கெஜம். ஓடுகிறவருக்கு அது ஒரு நொடிகூட அல்ல.

அன்று திரும்பத் திரும்ப நடந்தது இதுதான். பலம் குறைந்து தோற்றதைவிட, யாரைத் தடுப்பது என்று தெரியாமல் நின்றதே அதிகம். வலுவானவனிடம் தோற்றால் அவன் உன்னைத் தள்ளிக்கொண்டு வருகிறான், அதற்கு நேரம் ஆகும். குழப்பத்தால் தோற்றால் அவன் உன்னைத் தாண்டி ஓடிப்போகிறான், நேரமே இல்லை. முன்வரிசையைப் பார்க்கப் பழகுகிறவர்களுக்கு இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்வது முதல் படி என்பேன்.

கபடி பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பாடி வருபவரை மடக்கக் கைகோத்து நிற்பார்களே, அந்தச் சங்கிலி. அதில் இரண்டு பேர் மாமல்லர்களாக இருந்து என்ன, மூன்றாமவனின் பிடி தளர்ந்தால் பாடுபவன் அந்த இடத்தில்தான் அறுத்துக்கொண்டு போவான். ஐந்து பேருடைய திறமையின் சராசரியை எடுத்து முன்வரிசையை அளக்க முடியாது. அதன் அளவு அதில் உள்ள மிக நலிந்தவரின் அளவு, அதைவிட, நலிந்தவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் உள்ள புரிதலின் அளவு.

2013 மிச்சிகன் இதற்கு வாய்த்த உதாரணம். காரணம், அந்த வரிசையின் இரு முனைகளிலும் நின்றவர்கள் அசாதாரணமானவர்கள். இடது டேக்கிள் டெய்லர் லெவானைப் பிறகு 2014-இல், தொழில்முறை லீக்கின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாக எடுத்துக்கொள்ளும் தேர்வில், முதல் சுற்றில், பதினோராவது ஆளாக டென்னசி அணி எடுத்தது. வலது டேக்கிள் மைக்கேல் ஸ்கோஃபீல்டை அதே தேர்வில் டென்வர் எடுத்தது. இரண்டே ஆண்டுகளில் அவர் அந்த லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பவுலை வென்ற அணியின் வலது டேக்கிளாக நின்றார். கல்லூரி அணி ஒன்றுக்கு இப்படி இரு டேக்கிள்கள் ஒரே சமயத்தில் வாய்ப்பது அபூர்வம். அப்படியிருந்தும் மைனஸ் 48. இரண்டு முனையிலும் கருங்கல் தூண், நடுவில் ஈர மண் என்றால் வெள்ளம் எங்கே உடைத்துக்கொண்டு வரும் என்று சொல்லத் தேவையில்லை. எதிரணிப் பயிற்சியாளர்களுக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நடுவில் ஏன் ஈர மண்? அதற்கு மூன்று ஆண்டு பின்னால் போக வேண்டும்.

கல்லூரி அணியில் ஆட்டக்காரரை விலைக்கு வாங்கும் வழக்கம் அன்று இல்லை. பள்ளி முடித்த பதினெட்டு வயதுப் பையன்களை உதவித்தொகை கொடுத்துச் சேர்த்து வளர்க்க வேண்டும். ஓட்டக்காரரோ பந்து பிடிப்பவரோ முதல் ஆண்டிலேயே ஜொலிக்கலாம், வேகம் பிறவியிலேயே வருவது. முன்வரிசைக்காரர் அப்படி அல்ல. பதினெட்டு வயதில் எடை இருக்கும், அதில் வலு பாதிதான் இருக்கும். இருபத்திரண்டு வயதுத் தடுப்பாட்டக்காரனின் தள்ளலைத் தாங்க எடைப்பயிற்சிக்கூடத்தில் இரண்டு மூன்று ஆண்டு கழிக்க வேண்டும். மேலே சொன்ன குறிப்புமொழியெல்லாம் பழக அதே அளவு காலம். அதனால்தான் முதல் ஆண்டு ஆடாமல் வெளியே உட்காரவைத்து, ஐந்தாண்டுகளில் நான்கு சீசன் ஆடவைக்கும் வழக்கம் முன்வரிசையில் மிக அதிகம். லெவானும் ஸ்கோஃபீல்டும் 2013-இல் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள்.

ஆண்டுக்கு மூன்று நான்கு பேரைத் தவறாமல் சேர்த்துக்கொண்டே வந்தால்தான் எப்போதும் பழுத்த கைகள் ஐந்தாறு இருக்கும். மிச்சிகனில் 2008 முதல் 2010 வரை ரிச் ராட்ரிகஸ் பயிற்சியாளர். 2010-இல் அவர் சேர்த்த கூட்டத்தில் முன்வரிசைக்கு வந்தவர் ஒரே ஒருவர். அந்த ஒருவரும் ஆடாமலே விலக நேர்ந்தது. அந்த சீசன் முடிந்ததும் ராட்ரிகஸை நீக்கி, 2011 ஜனவரியில் பிரேடி ஹோக்கை நியமித்தார்கள். பயிற்சியாளர் மாறும் மாதங்களில் பள்ளி மாணவர்கள் வாக்கு மாறுவது வழக்கம், அந்த ஆண்டும் முன்வரிசைக்கு விரல் விட்டு எண்ணும் அளவே சேர்ந்தார்கள்.

வயலில் விதைக்காமல் விட்டால் அதே போகத்தில் தெரிந்துவிடும். இங்கே மூன்று போகம் கழித்துத்தான் தெரியும். அதுதான் இதில் உள்ள ஏமாற்று. 2011-இல் மிச்சிகன் 11 ஆட்டங்களை வென்று 2-இல் மட்டும் தோற்றது. அந்த ஆண்டின் நாட்டிலேயே சிறந்த சென்டர் என்ற விருதை அவர்களுடைய டேவிட் மோல்க் பெற்றார். யார் கவலைப்பட்டிருப்பார்கள்? இன்னொரு மறைப்பும் இருந்தது. அப்போதைய குவார்ட்டர்பேக் டெனார்ட் ராபின்சன் மின்னல் வேகக்காரர். முன்வரிசை சறுக்கினாலும் பிடிக்க வந்தவரை ஏமாற்றிவிட்டு அவரே நாற்பது கெஜம் ஓடிவிடுவார். கூரை ஒழுகுவது வெயில் காலத்தில் தெரியாது என்பது போல. 2012 முடிந்ததும் ராபின்சனும் போனார், நடுவில் நின்ற சென்டர், இரு கார்டுகள் என மூவருமே படிப்பை முடித்துக்கொண்டு ஒன்றாகப் போனார்கள். 2012, 2013-இல் ஹோக் கைநிறைய முன்வரிசைக்காரர்களைச் சேர்த்திருந்தார், பள்ளி அளவில் பேர்பெற்ற பையன்களும் அதில் உண்டு. ஆனால் எல்லோரும் முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்கள். ஆகவே 2013-இல் நடு மூன்று இடங்களில் நின்றவர்களில் பெரும்பாலானோர் கல்லூரிக்கு வந்து மூன்றாம் ஆண்டைத் தாண்டாதவர்கள்.

வயதுப் பஞ்சம் மட்டும் என்றால் இவ்வளவு மோசமாகியிருக்காது என்பது என் கணிப்பு. தத்துவமும் மாறியது. ராட்ரிகஸின் முறையில் ஐவரும் ஒரே திசையில் ஒரே அடியாக நகர்வார்கள். எங்கே விரிசல் விடுகிறதோ அங்கே ஓடுபவர் நுழைவார். இதற்கு ஸோன் என்று பெயர், சுறுசுறுப்பான, கொஞ்சம் இலகுவான உடல்கள் வேண்டும். ஹோக்கும் அவருடைய தாக்குதல் ஆட்டப் பயிற்சியாளர் அல் போர்ஜஸும் விரும்பியது பவர் என்னும் பழைய முறை. ஒரு பக்கத்துக் கார்டு தன் இடத்தைவிட்டு வெளியே வந்து, வரிசைக்குப் பின்னாலேயே மறுபக்கம் ஓடி, ஓடுபவருக்கு முன்னால் போய் மோதுவார். இதற்குக் கனத்த உடல்கள் வேண்டும். இரண்டும் நல்ல முறைகள்தான். எதையாவது ஒன்றை ஆயிரம் முறை பழகினால் போதும். மிச்சிகன் அன்று இதிலும் கொஞ்சம் அதிலும் கொஞ்சம் ஆடியது, எதுவும் கைவரவில்லை.

ஸோன் முறையில் வரும் ஒரு சின்ன அசைவைச் சொன்னால் இந்தப் பழக்கம் என்பது என்னவென்று விளங்கும். எதிரே ஒரு மலை போன்ற ஆள் நிற்கிறார், அவருக்குப் பின்னால் ஒரு லைன்பேக்கர். சென்டரும் கார்டும் இடுப்போடு இடுப்பு ஒட்டி அந்த மலையை முதலில் சேர்ந்து தள்ளுகிறார்கள். இருவருடைய கண்களும் பின்னால் உள்ள லைன்பேக்கர் மீதே இருக்கும். அவர் எந்தப் பக்கம் நகர்கிறாரோ அந்தப் பக்கத்தில் உள்ளவர் மலையை மற்றவரிடம் ஒப்படைத்துவிட்டு லைன்பேக்கரை நோக்கிப் போக வேண்டும். சீக்கிரம் போனால் மலை தனியாளை உடைத்துக்கொண்டு வந்துவிடும். தாமதித்தால் லைன்பேக்கர் ஓடுபவரைப் பிடித்துவிடுவார். சரியான கணம் எது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள நேரம் கிடையாது, தோளின் அழுத்தத்தில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே ஆளோடு ஒட்டி நின்று மாதக்கணக்கில் பழகினால்தான் அந்த அழுத்தம் பேசும்.

இப்படிப்பட்ட இடத்தில் மிச்சிகன் ஆட்களை மாற்றிக்கொண்டே இருந்தது. நான்கு ஆட்டங்கள் முடிந்ததும் சென்டரை வெளியே எடுத்து, இடது கார்டாக இருந்த கிரஹாம் கிளாஸ்கோவைச் சென்டராக்கினார்கள். அவர் விட்ட இடத்துக்கு ஒருவர், பிறகு அவருக்குப் பதில் இன்னொருவர், வலது கார்டிலும் மாற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயம் இருந்தது, மாற்றாமல் எப்படி இருப்பது என்ற நெருக்கடி புரிகிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் இரண்டு தோள்களின் பழக்கம் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது.

ஓட்டையை அடைக்க அவர்கள் பட்ட பாட்டுக்கு ஒரு காட்சி. அக்டோபர் 12 அன்று பென் ஸ்டேட் மைதானத்தில் லெவானையும் ஸ்கோஃபீல்டையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தார்கள். இருப்பதிலேயே நல்ல இருவரையும் ஒரே பக்கம் வைத்தால் அங்கேயாவது வழி கிடைக்குமே என்ற யோசனை. காகிதத்தில் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பந்து எந்தப் பக்கம் போகப்போகிறது என்பது அரங்கத்தில் சுண்டல் விற்பவர் இருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும். எதிரணி அந்தப் பக்கம் ஆட்களைக் குவித்தது. ரன்னிங் பேக் ஃபிட்ஸ்ஜெரால்ட் டூசான்ட் அன்று 27 முறை பந்தைச் சுமந்து மொத்தம் 27 கெஜம் முன்னேறினார். முறைக்கு ஒரு கெஜம். நான்கு கூடுதல் நேரங்கள் வரை இழுத்த ஆட்டத்தை மிச்சிகன் 43–40 என்று இழந்தது. சீசனில் அதுவரை தோற்காத அணி அது.

வேறு வழிகளே இல்லையா என்றால், இருக்கின்றன. பந்தை ஒன்றரை நொடிக்குள் கையைவிட்டு அனுப்பும் குட்டிப் பாஸ்கள், பாய்ந்து வருபவர்களைப் போகவிட்டு அவர்கள் முதுகுக்குப் பின்னால் பந்தைக் கொடுக்கும் ஸ்க்ரீன், குவார்ட்டர்பேக்கை ஒரே இடத்தில் நிற்கவிடாமல் ஓடவைப்பது, மறிப்பதற்கென்று கூடுதலாக ஒருவரை நிறுத்திக்கொள்வது. இவை எதுவும் முன்வரிசையைச் சரிசெய்யாது, அதன் மீது விழும் சுமையைக் குறைக்கும். அதே 2013-இன் கடைசி வழக்க ஆட்டத்தில், நவம்பர் 30 அன்று, பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக மிச்சிகன் மொத்தம் 603 கெஜம் முன்னேறியது. 42–41 என்று ஒரு புள்ளியில்தான் தோற்றது. முன்வரிசையில் நின்றவர்கள் நான்கு வாரத்துக்கு முன் ஈஸ்ட் லான்சிங்கில் கண்ட அதே இளைஞர்கள். திடீரென்று அவர்களுக்கு ஞானோதயம் வந்துவிடவில்லை. கார்ட்னர் வலியோடு நின்று வீசிய பந்துகள் சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்தன, எதிரே இருந்ததும் மிச்சிகன் ஸ்டேட் அளவுக்குக் கெட்டியான தடுப்பாட்டம் அல்ல. மோசமான முன்வரிசை எல்லா வாரமும் மோசமாகத் தெரிவதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ஒரு நல்ல வாரத்தைப் பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று நம்பி ஏமாற மாட்டோம். அந்த சீசன் 7 வெற்றி, 6 தோல்வி என்று முடிந்தது. போர்ஜஸ் ஜனவரியில் நீக்கப்பட்டார், ஹோக் அதற்கடுத்த ஆண்டின் முடிவில்.

தொலைக்காட்சியில் ஒரு முன்வரிசையை எப்படிப் பார்ப்பது? பந்து எல்லோர் கண்ணையும் இழுக்கும். நானும் வெகுநாள் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து புறப்பட்ட பிறகு இரண்டு நொடி அதைக் கைவிட்டுவிட்டு சென்டரையும் அவருக்கு இருபுறமும் உள்ளவர்களையும் மட்டும் பாருங்கள். ஓட்டம் என்றால், மோதல் நடக்கும் கோடு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே விஷயம். ஒரு கெஜம் முன்னே நகர்ந்தாலும் ஓடுபவர் யாராக இருந்தாலும் மூன்று நான்கு கெஜம் கிடைத்துவிடும். வீச்சு என்றால், யாருக்காவது தடுக்க ஆளே இல்லாமல் கை சும்மா தொங்குகிறதா, பக்கத்தில் யாராவது தடையின்றி உள்ளே ஓடுகிறாரா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது குழப்பம். குவார்ட்டர்பேக் பந்தை ஐந்து நொடி வைத்துக்கொண்டு நின்று பிடிபட்டால் அந்தச் சாக் முன்வரிசையின் கணக்கில் சேராது. இதைச் சொல்லாமல் விட்டால் அந்த ஐவருக்கு அநியாயம்.

2013-இல் தடுமாறிய பையன்கள் என்ன ஆனார்கள் என்பது பலர் பேசாத பகுதி. கிளாஸ்கோ உதவித்தொகை இல்லாமல் தன் செலவில் அணியில் சேர்ந்தவர். 2016-இல் டெட்ராய்ட் அணி அவரை மூன்றாம் சுற்றில் எடுத்தது, தொழில்முறையில் நீண்ட காலம் ஆடினார். அன்று கார்டாக நின்று திணறிய மற்ற இளையவர்களில் சிலர் 2015-இல் பத்து வெற்றி பெற்ற அணியின் முதுகெலும்பாக இருந்தார்கள். அப்போது பயிற்சியாளர் ஜிம் ஹார்பா. ஆட்கள் அவர்களேதான், இரண்டு வயது கூடியிருந்தது.

இப்போது அந்த மூன்றாண்டுக் காத்திருப்பைக் குறுக்கும் வழி ஒன்று வந்திருக்கிறது. 2018 முதல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற ஏற்பாட்டின் மூலம் ஆட்டக்காரர்கள் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாக மாறலாம். மிச்சிகன் 2022-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலிருந்து ஒலுசெகுன் ஒலுவாடிமி என்ற சென்டரைக் கொண்டுவந்தது. வந்த ஆண்டிலேயே அவர் நாட்டின் சிறந்த சென்டர் விருதை வாங்கினார். 2013-இல் இந்த வசதி இருந்திருந்தால் நடுவில் ஓர் அனுபவசாலியையாவது நிறுத்தியிருப்பார்கள். ஆனால் ஐந்து பேரையும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவைத்தால் தோள்களுக்குள் பழக்கம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

2015 முதல் ஜோ மூர் விருது என்று ஒன்று வழங்கப்படுகிறது. மற்ற விருதுகள் போலத் தனியாளுக்கு அல்ல, ஆண்டின் சிறந்த முன்வரிசை முழுவதற்கும் சேர்த்து. 2021, 2022 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அதை வாங்கியது, மைனஸ் 48 போட்ட அதே மிச்சிகன். முன்வரிசைப் பயிற்சியாளராக அந்த இரண்டு ஆண்டும் இருந்தவர் ஷெரோன் மூர். பெயர் ஒற்றுமை தற்செயல். 2023-இல் அந்த விருது வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனது. தேசியச் சாம்பியன் யார் என்று தீர்மானிக்கும் இறுதியாட்டத்தில் இருவரும் மோதினார்கள். மிச்சிகன் 34–13 என்று வென்றது.

அதற்கு இரண்டு மாதம் முன், 2023 நவம்பர் 11 அன்று, மிச்சிகன் மறுபடி பென் ஸ்டேட் மைதானத்துக்குப் போயிருந்தது. 27 முறை ஓடி 27 கெஜம் எடுத்த அதே அரங்கம். ஹார்பா தடைசெய்யப்பட்டிருந்ததால் அன்று பொறுப்பில் இருந்தவர் ஷெரோன் மூர். இரண்டாம் பாதியில் மிச்சிகன் கணக்கில் ஏறும்படி ஒரு பாஸ்கூட வீசவில்லை. ஓட்டம், மறுபடி ஓட்டம், மறுபடியும் ஓட்டம். பந்து எங்கே போகப்போகிறது என்பது இந்த முறையும் அரங்கம் முழுவதற்கும் தெரிந்துதான் இருந்தது. 24–15 என்று வென்றார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தில் வலது கார்டு ஸாக் ஸின்டரின் கால் முறிந்தது. மைதானமே அமைதியானது. அவரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோன பிறகு, வலது டேக்கிளாக இருந்தவர் ஓர் இடம் உள்ளே நகர்ந்து கார்டானார், வெளியே உட்கார்ந்திருந்த டிரென்டி ஜோன்ஸ் டேக்கிளாக வந்து நின்றார். யாரும் பதற்றப்பட்டதாகத் தெரியவில்லை, பழகிய கைகள். அடுத்த ஸ்னாப்பிலேயே பிளேக் கோரம் நடுவில் திறந்த வழியில் 22 கெஜம் ஓடி, பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார். எல்லைக்கு அப்பால் நின்று கேமராவைப் பார்த்துக் கைகளை உயர்த்தி, முதலில் ஆறு விரல் காட்டினார், பிறகு ஐந்து. 65 என்பது ஸின்டரின் எண்.